இலக்கு வைப்பதும் கணக்கு வைப்பதும்: ஓடுகிற பிள்ளைகளுக்கு ஆப்பில் எப்படிச் செய்வது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சாயங்காலம் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இப்போது பிள்ளைகள் கையில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது, இல்லையென்றால் போனில் ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் இருக்கிறது. ஓடி முடித்த கையோடு ஸ்கிரீனைப் பார்க்கிறார்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். "இந்த வருஷம் என்னடா இலக்கு?" என்று கேட்டால் மட்டும் "நல்லா ஓடணும் சார்" என்கிறார்கள். எந்த ஆப்பை எடுத்தாலும் இந்தப் பதிலைப் போட அதில் கட்டம் கிடையாது.

எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். "முடிஞ்சவரைக்கும் செய்" என்று விடுவதைவிட, குறிப்பாக ஒரு எண்ணைச் சொல்லி, அதுவும் கொஞ்சம் எட்டிப் பிடிக்க வேண்டிய எண்ணாகச் சொன்னால் ஆட்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நம் பக்கத்து உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் இதைப் படிக்காமலே செய்துகொண்டு இருந்தவர்கள்தான், நோட்டில் பேர் எழுதி, பக்கத்தில் டைமிங் எழுதி, அதற்குப் பக்கத்தில் "அடுத்த மீட்டுக்கு இவ்வளவு" என்று எழுதி வைப்பார்கள். அந்த நோட்டின் வேலையைத்தான் இப்போது ஆப்பிடம் கொடுக்கப் போகிறோம். எண்ணை முடிவு செய்ய வேண்டியது இன்றைக்கும் நீங்கள்தான்.

800 மீட்டரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேகமும் வேண்டும், தம்மும் வேண்டும் என்பதால் கணக்கு வைக்க நல்ல ஈவென்ட் அது. மற்ற ஈவென்ட்டுகளுக்கு எண்கள்தான் மாறும், முறை இதேதான்.

ஆப்பைத் திறக்கும் முன்னால்

ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். போன சீசனின் கடைசி மீட்டில் 800ஐ 2:34ல் முடித்தாள். வருவாய் மாவட்டப் போட்டிக்கு இன்னும் 16 வாரம் இருக்கிறது. அவளிடம் கேட்டால் "ஃபர்ஸ்ட் வரணும்" என்பாள். அந்த ஆசை இருக்கட்டும், அதைக் கெடுக்க வேண்டாம். ஆனால் ஃபர்ஸ்ட் வருவது பக்கத்து லேனில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நீரஜ் சோப்ராவையே பாருங்கள்: டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈட்டியை 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார், பாரிஸில் 89.45 எறிந்தும் வெள்ளிதான், 2025 மே மாதம் தோஹாவில் வாழ்க்கையிலேயே முதல்முறையாக 90ஐத் தாண்டி 90.23 எறிந்த அன்றைக்கு இரண்டாம் இடம். இந்த மூன்று நாளுக்கும் இடத்தை மட்டும் எழுதி வைத்தால் அவர் இறங்கி வந்தவர் மாதிரித்தான் தெரிவார்.

அதனால் மூன்று வரி எழுதுங்கள், பேப்பரிலேயே எழுதுங்கள். முதல் வரி ஆசை: மாவட்டத்தில் முதல் மூன்று இடம். இரண்டாவது வரி டைமிங்: 2:28. மூன்றாவது வரி, அதற்காக ஒவ்வொரு வாரமும் அவள் செய்ய வேண்டிய வேலை. ஆப்பில் ஏறப்போவது கடைசி இரண்டு வரிதான்.

2:28 எங்கிருந்து வந்தது? போன வருஷம் அதே வயதுப் பிரிவில் மாவட்ட அளவில் முதல் மூன்று பேர் ஓடிய டைமிங்கை யாரிடமாவது கேட்டு வாங்குங்கள், மீட்டில் ரெக்கார்டர் டேபிளில் உட்கார்ந்த ஆசிரியர்கள் சிலர் எழுதி வைத்திருப்பார்கள். அது ஒரு பக்கத்துக் கணக்கு. இன்னொரு பக்கம் பிள்ளையின் இப்போதைய நிலை. இதற்கு 400 டைமிங் வேண்டும். அவளுடைய 400 பெஸ்ட் 67 நொடி என்றால் அதன் இரண்டு மடங்கு 134, அவள் 800 ஓடுவது 154. நடுவில் 20 நொடி விழுகிறது. வேகம் கையில் இருக்கிறது, இரண்டாவது லேப்பில் (400 மீட்டர் சுற்றில்) தம் போதவில்லை என்று அர்த்தம். இதே பெண்ணுக்கு 400 பெஸ்ட் 73 என்றால் வித்தியாசம் 8 நொடிதான், அவளை இன்னும் ஜாகிங் விட்டுப் பயனில்லை, வேகத்துக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் 2:28 என்றே இலக்கு வைக்கலாம், ஆனால் மூன்றாவது வரியில் எழுதும் வேலை தலைகீழாக மாறிவிடும். இந்த ஒரு கணக்கைப் போடாமல் ஆப்பில் என்ன கிராஃப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

2:28 என்றால் 148 நொடி. ஒரு லேப்புக்கு 74, 200 மீட்டருக்கு 37, 100க்கு 18.5. மீட்டில் முதல் லேப் கொஞ்சம் வேகமாகத்தான் போகும், 73-75 என்று பிரிந்தால் நல்லது. 70ல் போய்விட்டு 78ல் தள்ளாடி வருவதும் 148தான், ஆனால் அந்த ஓட்டத்தைப் பார்க்க நமக்கே மூச்சு முட்டும். இந்த 37ஐப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இனி வரும் எல்லா வேலைக்கும் அதுதான் அளவுகோல்.

பிறகு நடுவில் படிகள். 16 வாரம் கழித்துத்தான் தெரியும் என்று விட்டால் யாருக்கும் ஆர்வம் நிற்காது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை 600 மீட்டர் முழு வேகத்தில் ஓடவிட்டு டைமிங் எடுங்கள். 600 ஓடினால் பிள்ளை மீட் ஓடிய மாதிரிக் களைத்துவிடாது, 800க்கு எங்கே நிற்கிறாள் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். இன்று 1:53.5 என்றால் நான்காம் வாரம் 1:52, எட்டாம் வாரம் 1:50.5, பன்னிரண்டாம் வாரம் 1:49 என்று எழுதலாம். கடைசி நான்கு வாரத்தில் புதிதாக எதையும் சோதிக்க வேண்டாம், அது மீட்டுக்கு உடம்பைத் தயார் செய்யும் நேரம்.

எந்த ஆப்?

காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஸ்ட்ராவா எல்லாருக்கும் தெரியும், ஓட்டத்தைப் பதிவு செய்ய நன்றாக இருக்கிறது, ஆனால் பயிற்சிச் சுமையைக் காட்டும் கிராஃப் எல்லாம் சந்தாவுக்குள் போய்விட்டது. ட்ரெயினிங்பீக்ஸ் பெரிய கோச்சுகள் பயன்படுத்துவது, நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. நான் சிபாரிசு செய்வது இன்டர்வல்ஸ் ஐசியு என்ற தளம், இலவசமாகவே எல்லாம் செய்யலாம், கார்மின், போலார், கோரோஸ் வாட்ச் எதையும் அதோடு இணைக்கலாம், வாட்ச் இல்லாத பிள்ளைக்குக் கையாலேயே பதிவு போடலாம். கோச் ஒரே இடத்திலிருந்து பல பிள்ளைகளின் காலண்டரைப் பார்க்கவும் வசதி உண்டு. கம்ப்யூட்டர் கைவந்தவர்களுக்கு கோல்டன் சீட்டா என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது, ஆனால் அது சைக்கிள்காரர்களை நினைத்துச் செய்தது, போனில் ஓடாது.

போனே இல்லாத பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள். அம்மாவின் போன் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் கைக்கு வரும். அவர்களுக்கு கூகுள் ஃபார்ம் போதும். தமிழிலேயே நான்கு கேள்வி வையுங்கள்: பெயர், இன்று எத்தனை நிமிடம் பயிற்சி, எவ்வளவு கஷ்டமாக இருந்தது, எங்காவது வலி இருக்கிறதா. லிங்க்கைப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டால் பதில்கள் தானாக ஒரு ஷீட்டில் வந்து சேரும். ஐந்தாவது கேள்வி சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். கேள்வி கூடக் கூட நிரப்புகிற ஆள் குறைந்துகொண்டே போவார்கள்.

இன்டர்வல்ஸில் கணக்குத் தொடங்கியதும் முதல் வேலை காலண்டரில் மீட்டுகளைப் போடுவது. போட்டிகளை ஏ, பி, சி என்று தரம் பிரிக்கலாம். மாவட்டப் போட்டி ஏ, அதற்கு முன்னால் வரும் குறுவட்டப் போட்டி பி, ஊர்த் திருவிழா மாரத்தான் எல்லாம் சி. ஏ என்று போடுவது சீசனில் ஒன்றோ இரண்டோதான் இருக்க வேண்டும். எல்லா மீட்டும் ஏ என்று போட்டிருக்கும் காலண்டர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பிள்ளைகள் ஓய்வு எடுக்க அதில் ஒரு வாரம்கூட இருக்காது. அப்புறம் 600 டெஸ்ட் நாட்களைக் குறித்து, குறிப்புப் பகுதியில் இலக்கு டைமிங்கை எழுதி வையுங்கள்.

காலண்டர் போடும்போது நம் ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் பழனி பாதயாத்திரைக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள், நாள்கணக்கில் நடந்துவிட்டு வந்தவனை மறுநாளே 200 மீட்டர் வேலைக்கு நிறுத்தக் கூடாது, அந்த நடையும் சுமைதான், அதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்கு விரதம் இருந்து பால்குடம் எடுப்பவர்கள் உண்டு. அரையாண்டுத் தேர்வு, பொதுத் தேர்வு, ஆயா வீட்டுக் கல்யாணம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயங்கள்தானே, அந்த வாரங்களை முதலிலேயே லேசான வாரம் என்று குறித்துவிட்டால் பிறகு "டார்கெட் போச்சே" என்று யாரும் புலம்ப வேண்டாம்.

தினமும் போட வேண்டியது இரண்டே எண்

எத்தனை நிமிடம், எவ்வளவு கஷ்டம். இரண்டையும் பெருக்கினால் அன்றைய சுமை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் முறை இது, உலகம் முழுக்கப் பெரிய கிளப்புகள்கூட இன்றும் பயன்படுத்துகிற எளிய வழி. கஷ்டத்தை 0 முதல் 10 வரை சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தருவது இப்படி: 0 என்றால் சும்மா இருந்தேன், 2 லேசு, 3 பரவாயில்லை, 5 கஷ்டம், 7 ரொம்பக் கஷ்டம், 10 என்றால் இதுக்கு மேல என்னால முடியாது சாமி.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஓடி முடித்து மூச்சு வாங்கும்போது கேட்டால் கடைசி 200ன் வலியைத்தான் சொல்வார்கள், அதனால் அரை மணி நேரம் கழித்துக் கேட்க வேண்டும், மொத்தப் பயிற்சிக்கும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல வேண்டும். வட்டமாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். முதல் பையன் "அஞ்சு சார்" என்றால் வரிசையாக எல்லாரும் அஞ்சுதான். பெரிய பையன்கள் கெத்துக்காக நாலு என்பார்கள், சாரைத் திருப்திப்படுத்த நினைக்கும் பிள்ளை எட்டு என்பாள். ஃபார்மில் தனியாகப் போடச் சொன்னால் இது பெருமளவு சரியாகிவிடும். அப்புறம் ஒன்று, யாராவது 8 என்று போட்டால் மறுநாள் கிரவுண்டில் வைத்து "என்ன, இதுக்கே எட்டா?" என்று கேட்டுவிடாதீர்கள். அதோடு உண்மை வருவது நின்றுவிடும்.

ஒரு வாரம் எப்படி வரும் என்று பார்ப்போம். திங்கள் 50 நிமிடம், கஷ்டம் 4, சுமை 200. செவ்வாய் 6 தடவை 200 மீட்டர், வார்ம் அப்போடு சேர்த்து 60 நிமிடம், கஷ்டம் 7, சுமை 420. புதன் கண்மாய்க் கரையில் மெதுவாக 40 நிமிடம், கஷ்டம் 3, சுமை 120. வியாழன் 55 நிமிடம், 7, 385. வெள்ளி ஓய்வு. சனி 70 நிமிடம், 5, 350. ஞாயிறு ஓய்வு. மொத்தம் 1475. இந்த வாரத்துக்கு இன்னொரு எண்ணும் கண்டுபிடிக்கலாம்: ஓய்வு நாட்களின் பூஜ்யத்தையும் சேர்த்து ஏழு நாள் சராசரியைத் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் சுமை எவ்வளவு மாறுகிறது என்று காட்டும் எண்) வகுத்தால் வருவது, ஷீட்டில் ஆவரேஜ், எஸ்டிடெவ் என்ற இரண்டு ஃபார்முலா போட்டால் போதும். நம் உதாரணத்தில் அது சுமார் 1.18. ஃபாஸ்டர் இதற்கு வைத்த பெயர் மோனோடனி, எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை செய்தால் இது ஏறும், 2ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தினமும் அதே எட்டு ரவுண்டு, அதே வேகம் என்று ஓட்டுகிற கிரவுண்டுகளில் இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஏன் பிள்ளைகள் சலித்துப்போய் நிற்கிறார்கள் என்பது புரியும்.

வாட்ச்சே சுமையைக் கணக்குப் போட்டுத் தருகிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு வாட்ச் கணக்கு பரவாயில்லை. 800 ஓடுபவருக்கு அது ஏமாற்றும். 37 நொடி ஓட்டத்தில் நாடித்துடிப்பு மேலே ஏறுவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். மணிக்கட்டில் ஒளி வைத்துப் படிக்கும் சென்சார் இன்னும் பின்தங்கும். ஆக, காலைப் பிழிந்தெடுத்த செவ்வாய்க்கிழமை வேலை வாட்ச் கணக்கில் சின்னதாகவும், புதன்கிழமை ஜாகிங் பெரிதாகவும் தெரியும். கிராஃப் ஏற வேண்டும் என்பதற்காகவே பிள்ளைகள் ஜாகிங்கைக் கூட்டிக்கொண்டே போவதும் நடக்கிறது. போட்டி டைமிங்கை முன்கூட்டிக் கணிக்கும் ரேஸ் பிரெடிக்டரும் அப்படித்தான், கார்மினில் அது 5 கிலோமீட்டரிலிருந்து மாரத்தான் வரைக்கும்தான் சொல்லும், 800 பற்றி அதற்கு அபிப்பிராயமே கிடையாது.

டைமிங் சரியில்லை என்றால் எல்லாம் வீண்

ஆறு நொடி குறைக்க வேண்டும் என்று இலக்கு. உங்கள் கிரவுண்டு சரியாக எத்தனை மீட்டர் என்று தெரியுமா? பெரும்பாலான பள்ளிகளில் இருப்பது 200 மீட்டர் என்று சொல்லப்படும் மண் டிராக், செம்மண்ணில் சுண்ணாம்புக் கோடு. மழைக்குக் கோடு அழிந்ததும் அடுத்த தடவை யாரோ கண் அளவில் போடுவார்கள், வளைவு உள்ளே இழுத்துக்கொள்ளும். அது 194 மீட்டராக இருந்தால் நான்கு சுற்றுக்கு 776தான் வரும். 24 மீட்டர் குறைச்சல், 100க்கு 18.5 நொடி வேகத்தில் கிட்டத்தட்ட நாலரை நொடி. பிள்ளை எதுவுமே செய்யாமல் இலக்கில் முக்கால் பங்கு முடிந்துபோகும், அப்புறம் மாவட்டப் போட்டியில் 400 மீட்டர் டிராக்கில் விழிப்பாள்.

டேப் எடுத்து அளந்து பாருங்கள். உள் ஓரத்தில் உயர்த்திய கட்டை இருந்தால் அதிலிருந்து 30 செ.மீ. வெளியே, வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் 20 செ.மீ. வெளியே அளக்க வேண்டும் என்பதுதான் விதி. அளந்ததும் நான்கு இடத்தில் செங்கல் புதைத்து அடையாளம் வைத்துவிட்டால் மறுபடி கோடு போடுபவர் யாராக இருந்தாலும் தப்பாது. டிராக்கில் ஓடும்போது ஜிபிஎஸ் தூரத்தை நம்ப வேண்டாம், ஆட்டோ லேப்பை அணைத்துவிட்டு லேப் பட்டனைக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். கண்மாய்க் கரை, ரஸ்தா மாதிரி நீள ஓட்டத்துக்கு ஜிபிஎஸ் தாராளமாகப் போதும்.

ஸ்டாப்வாட்ச் பிடிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் கிளாப்பர் பலகை மூடுவதைப் பார்த்து அழுத்த வேண்டும், சத்தம் கேட்டு அழுத்தினால் தாமதம். கையால் எடுத்த டைமிங்கை அடுத்த பத்தில் ஒரு நொடிக்கு மேல்நோக்கித்தான் எழுத வேண்டும், 67.12 என்று வாட்ச் காட்டினால் 67.2. பெரிய மீட்டில் எலக்ட்ரானிக் டைமிங் இருக்கும், அது கை டைமிங்கைவிடக் கூடுதலாகத்தான் வரும், 100, 200க்கு 0.24 நொடியும் 400க்கு 0.14 நொடியும் சேர்த்து ஒப்பிடுவது வழக்கம். 800ல் இது பெரிய விஷயமில்லை, 100 ஓடும் பையனுக்கு உயிர் போகிற விஷயம். எனவே ஷீட்டில் டைமிங் பக்கத்தில் கை, எலக்ட்ரானிக் என்று ஒரு கட்டம் அவசியம் வேண்டும். மண் டிராக், சிந்தெடிக், ஷூ, ஸ்பைக் என்பதையும் குறிப்பில் போடுங்கள்.

நம் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கத்திரி நேரத்தில் சாயங்காலம் ஐந்தரைக்கும் தரை கொதிக்கும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடும், கஷ்ட எண்ணும் 5லிருந்து 7க்குப் போகும். பிள்ளை தளர்ந்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 600 டெஸ்ட்டை எப்போதும் ஒரே கிரவுண்டில், ஒரே நேரத்தில் வையுங்கள், மே மாதம் என்றால் காலை ஆறு மணிக்கு வைத்து, எல்லா டெஸ்ட்டையும் ஆறு மணிக்கே வைப்பது நல்லது.

தாண்டுதல், எறிதல் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ட்ரிபிள் ஜம்பில் தேசிய சாதனை 17.37 மீட்டர், 2023ல் ஹவானாவில் தாண்டியவர் திருவாரூர்க்காரரான பிரவீன் சித்திரவேல். மாநில அளவுக்கு மேல் போக நினைக்கும் பையன்களுக்குத் தூரம் மட்டும் எழுதினால் போதாது. பலகையில் கால் எங்கே விழுந்தது, எத்தனை ஃபவுல் என்பதையும் எழுதுங்கள். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து கினோவியா என்ற இலவச மென்பொருளில் போட்டால் கடைசி அடிகளை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்க்கலாம். பத்துத் தாண்டலில் ஆறு சரியாகப் பலகையில் விழ வேண்டும் என்பதே நல்ல இலக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்ப்பது

தினமும் கிராஃப் பார்க்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். இன்டர்வல்ஸில் ஃபிட்னெஸ், ஃபெட்டீக் (களைப்பு), ஃபார்ம் (போட்டிக்குத் தயார்நிலை, கூகுள் ஃபார்ம் இல்லை) என்று மூன்று கோடு தெரியும். ஃபிட்னெஸ் என்பது சுமார் 42 நாள் சுமையின் ஒருவகைச் சராசரி, ஃபெட்டீக் என்பது 7 நாள் சராசரி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஃபார்ம். கடுமையான வாரங்களில் ஃபார்ம் கீழே போகும், அது இயல்பு. மீட்டுக்கு முந்தைய வாரம் வேலையைக் குறைக்கும்போது மேலே வர வேண்டும், வரவில்லை என்றால் குறைத்தது போதவில்லை. நான் முன்னால் சொன்ன காரணத்தால் 800 பிள்ளைகளுக்கு இந்தக் கோடுகள் திசை காட்டும், அவ்வளவுதான், அதன் எண்களை மந்திரம் மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் பார்க்கச் சொல்வது நான்கு கேள்விகளை. மூன்றாவது வரியில் எழுதிய வேலை நடந்ததா? 200 மீட்டர்களின் சராசரி 37ஐ நோக்கி வருகிறதா, அதே கஷ்ட எண்ணுக்கு? இந்த வாரச் சுமை போன நான்கு வாரச் சராசரியைவிட எவ்வளவு கூடியிருக்கிறது? வலி என்று ஒரே இடத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறாளா?

இரண்டாவது கேள்விதான் சுவாரசியமானது. முதல் வாரம் 38.5ல் ஓடி 7 என்றாள், ஆறாம் வாரம் 38.4ல் ஓடி 5 என்கிறாள் என்றால் வாட்ச்சில் ஒன்றும் மாறவில்லை, பிள்ளை நன்றாக மாறியிருக்கிறாள், வேகத்தைக் கூட்டலாம். மாறாக 37.6ல் ஓடுகிறாள், ஆனால் கஷ்டம் 9, கேட்டால் தூக்கம் ஆறு மணி நேரம்தான் என்கிறாள் என்றால் டைமிங்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்வியில், டிம் காபெட் என்ற விளையாட்டு ஆய்வாளர் 2016ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, இந்த வாரச் சுமையை நான்கு வாரச் சராசரியால் வகுத்தால் 0.8 முதல் 1.3 வரை பாதுகாப்பு என்று ஒரு விகிதம் பல ஆப்களில் புகுந்துவிட்டது. அந்தக் கணக்கையே பல ஆய்வாளர்கள் பிறகு கேள்வி கேட்டிருக்கிறார்கள், எனவே 1.31 வந்ததும் பதற வேண்டாம், 1.29 என்று நிம்மதியும் வேண்டாம். தேர்வு முடிந்து மூன்று வாரம் கழித்து வந்த பையனை முதல் நாளே பழைய சுமைக்கு ஏற்றக் கூடாது என்ற பொது அறிவுக்கு அது ஒரு எண், அவ்வளவே. நான்காவது கேள்விக்கு விவாதமே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலிக்குது சார் என்று இரண்டு தடவை வந்தால் ஓட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

இலக்கை எப்போது மாற்றுவது? ஒரு மோசமான டெஸ்ட்டுக்காக மாற்றாதீர்கள். எட்டாம் வாரம் 1:50.5 வர வேண்டியது 1:52லேயே நிற்கிறது, வேலை எல்லாம் நடந்திருக்கிறது, காய்ச்சல் இல்லை, வெயிலும் இல்லை என்றால் இலக்கை 2:30க்குக் கொண்டுவருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வேலையே பாதிதான் நடந்திருக்கிறது என்றால் டைமிங்கைத் தொடாதீர்கள், ஏன் நடக்கவில்லை என்று பாருங்கள், பல நேரம் காரணம் டியூஷன் பஸ்ஸாக இருக்கும். முன்னாலேயே 1:49 வந்துவிட்டதா? அப்படியானால் இலக்கை 2:26 என்று இறக்க அவசரப்பட வேண்டாம், குறுவட்டத்தில் ஓடிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

பெண் பிள்ளைகள், பெற்றோர், பாதுகாப்பு

ஸ்ட்ராவாவில் எதையும் மாற்றாமல் விட்டால் ஓட்டம் எந்த வழியில் போனது, எந்த நேரம் என்பதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கண்ணிலும் படலாம். 2018ல் அதன் உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் நடமாட்டமே தெரிந்துபோய்ப் பெரிய செய்தியானது. விடிகாலை ஐந்தரைக்கு வீட்டு வாசலிலிருந்து ஊருணிப் பக்கம் ஒரே வழியில் தினமும் ஓடுகிற பெண்ணின் மேப் வெளியே தெரியவே கூடாது. ப்ரைவசி செட்டிங்கில் போய் ஓட்டத்தை "நான் மட்டும்" என்று மாற்றுங்கள், தொடக்கமும் முடிவும் மறையும்படி வையுங்கள், பிள்ளையின் போனை வாங்கி நீங்களே செய்வதைவிட அம்மா அப்பா முன்னால் அவளையே செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் புது ஆப் போடும்போதும் அவளுக்குக் கை போகும்.

மாதவிடாய் நாட்களைக் குறிக்கும் வசதி பல ஆப்களில் இருக்கிறது, சுமையோடு சேர்த்துப் பார்த்தால் பயனும் உண்டு. ஆனால் அது பிள்ளைக்கும் அவள் அம்மாவுக்கும் உள்ளது, ஆண் கோச் பார்க்கும் ஷீட்டில் அந்தக் கட்டம் இருக்கக் கூடாது. "இன்னிக்கு லேசா வேணும் சார்" என்று அவள் சொன்னாலே போதும், காரணம் கேட்க வேண்டியதில்லை. பல மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும் என்பதைப் பெண் ஆசிரியர் மூலமாக எல்லாருக்கும் முன்பே சொல்லி வையுங்கள். எடையையும் பொதுவான ஷீட்டில் போடாதீர்கள்.

பெற்றோருக்கு கிராஃப் அனுப்ப வேண்டாம், "ஏன் கோடு இறங்குது?" என்று ராத்திரி போன் வரும். மாதம் ஒருமுறை 600 டெஸ்ட் டைமிங்கும், வந்த நாள் வராத நாள் கணக்கும் போதும்.

மீட் முடிந்த அன்றைக்கே இரண்டு லேப் டைமிங்கையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், 2:29.1 என்றால் அது 72-77ஆ, 74-75ஆ என்பதைப் பார்த்துத்தான் அடுத்த சீசனின் மூன்றாவது வரியை எழுத முடியும். மூன்று பேர் ஸ்டாப்வாட்ச் பிடித்திருந்தால் நடு டைமிங்கை எடுங்கள். அப்புறம் ஷீட்டை நகல் எடுத்து வருஷத்தைப் போட்டுப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, பிள்ளையை இரண்டு வாரம் எந்த எண்ணும் எழுதாமல் வாலிபால் ஆட விடுங்கள்.